ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறேன்: அங்கே எந்தக் கணக்கு, ஊரில் எந்தக் கணக்கு?

பொள்ளாச்சிக்காரன்:

வணக்கம். அடுத்த மாதக் கடைசியில் ஷ்டுட்கார்ட் போகிறேன். வாகன உதிரிபாகம் செய்யும் நிறுவனத்தில் வேலை, புளூ கார்டு விசா. மனைவியும் மகளும் நான்கைந்து மாதம் கழித்து வருவார்கள். அங்கே எந்த வங்கியில் கணக்குத் திறப்பது என்று விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆப்பிலேயே எல்லாம் முடிந்துவிடும் என்கிறார் ஒருவர். கிளை உள்ள வங்கிதான் வேண்டும் என்கிறார் இன்னொருவர்.

ஊர்க் கணக்கிலும் குழப்பம்தான். எனக்கு இங்கே இரண்டு சேமிப்புக் கணக்கு. ஒன்றிலிருந்து வீட்டுக் கடன் தவணை போகிறது, இன்னொன்றில் மாடி வீட்டு வாடகை வருகிறது. அம்மா பொள்ளாச்சியில்தான் இருப்பார், அவருக்கும் மாதாமாதம் அனுப்ப வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியருக்கான கணக்கு என்று என்ஆர்இ, என்ஆர்ஓ இரண்டைச் சொல்கிறார்களே, இரண்டும் வேண்டுமா? இப்போது இருப்பதையே அப்படியே ஓட்டலாமா?

நெக்கர்கரை:

வாழ்த்துகள் தம்பி. நானும் ஷ்டுட்கார்ட்தான். இங்கத்திய கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எந்த வங்கி நல்லது என்று இப்போதே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். முதல் சம்பளம் விழுவதற்கு முன்னால் எந்த வங்கியில் கணக்கு கைக்கு வரும் என்பதுதான் முதல் மாதக் கேள்வி. பல நிறுவனங்களில் மாதத்தின் நடுவிலேயே சம்பளப் பட்டியலை முடித்துவிடுவார்கள். அதற்குள் உங்கள் ஐபேன், அதாவது ஐரோப்பாவில் வழங்கும் வங்கிக் கணக்கு எண், போய்ச் சேரவில்லை என்றால் சம்பளம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகும். புது ஊரில், வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டிய நேரத்தில், அது பெரிய இடி.

வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் மாநகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் தேவை. பதிந்ததும் ஒரு சான்றிதழ் தருவார்கள். வரி எண் சில வாரங்களில் தபாலில் வரும். வரி எண்ணைப் பிறகு கொடுக்கிறேன் என்றால் பல வங்கிகள் ஒத்துக்கொள்ளும், முகவரிச் சான்றிதழ் இல்லாமல்தான் பெரும்பாலும் நகராது. வரி எண் வரும் முன் சம்பளம் போட்டால் சில இடங்களில் ஆறாம் வரி வகுப்பில் அதிகமாகப் பிடித்துவிடுவார்கள். எண் வந்ததும் சரிசெய்து திருப்பித் தருவார்கள், பயப்பட வேண்டாம்.

ஆப் வங்கிக்காரர்கள் பத்து நிமிடத்தில் கணக்கு என்று விளம்பரம் செய்வார்கள். அந்தப் பத்து நிமிடம் வீடியோவில் ஆள் அடையாளம் பார்ப்பதைச் சேர்த்துத்தான். நம் இந்தியப் பாஸ்போர்ட்டைப் பல வங்கிகள் வீடியோவில் ஏற்பதில்லை. அப்போது போஸ்ட்ஐடென்ட் என்ற வழி உண்டு: வங்கி தரும் கூப்பனை அச்செடுத்து, பாஸ்போர்ட்டோடு அஞ்சலகம் போனால் அங்கே சரிபார்த்து அனுப்புவார்கள். பாஸ்போர்ட்டில் ஜெர்மன் முகவரி இருக்காது என்பதால் முகவரிச் சான்றிதழையும் கையில் வைத்திருங்கள்.

இன்னொன்று பெயர். நம்மில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பா பெயரோ ஒற்றை இனிஷியலோ இருக்கும். முகவரிப் பதிவில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி, நிறுவனத்தில் ஒரு மாதிரி என்று எழுத விட்டுவிடாதீர்கள். 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளில் பணம் அனுப்பும்போது ஐபேனும் பெயரும் பொருந்துகிறதா என்று வங்கி பார்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் பெயர் இடம் மாறியிருந்தால் அனுப்புகிறவருக்குப் ‘பெயர் பொருந்தவில்லை’ என்று எச்சரிக்கை வரும். சம்பளப் பிரிவில் இருப்பவர் அதைப் பார்த்துத் தயங்குவார். பாஸ்போர்ட்டில் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசை, எல்லா இடத்திலும்.

ரூர்_பக்கம்:

நெக்கர்கரை அக்கா சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். முதல் கணக்கு எதுவானாலும் சரி, ஆறு மாதத்துக்குள் ஷ்பார்காஸ்ஸெ அல்லது ஃபோல்க்ஸ்பாங்க் போல ஊருக்கு ஊர் கிளை உள்ள வங்கியில் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாதம் சில யூரோ கட்டணம் போகும். அதற்குப் பதிலாக ஜெர்மனியின் உள்நாட்டு டெபிட் அட்டையான ஜிரோகார்டு கிடைக்கும். ஆப் வங்கிகள் தரும் விசா, மாஸ்டர்கார்டு டெபிட் அட்டை எல்லா இடத்திலும் செல்லாது. பேக்கரி, சின்ன மருந்துக் கடை, சில அரசு அலுவலகக் கவுன்டர் போன்ற இடங்களில் ஜிரோகார்டு இல்லையென்றால் ரொக்கம் என்பார்கள். மற்ற வங்கியின் ஏடிஎம்மில் எடுத்தால் ஒரு தடவைக்கே நான்கைந்து யூரோ போய்விடும்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரில் போய், ‘இது என்ன?’ என்று கேட்க ஓர் ஆள் இருப்பதும் முதல் வருடத்தில் பெரிய விஷயம். மொழி தெரியாத ஊரில் வங்கிக் கடிதம் ஒவ்வொன்றும் வயிற்றைக் கலக்கும்.

நெக்கர்கரை:

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஆறு மாதம் கழித்துத்தான். கிளை வங்கியில் நேரில் பார்க்க நாள் வாங்கவே சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். அதுவரை சம்பளம் காத்திருக்காது. கிளை இல்லாத நேரடி வங்கிகளான ஐஎன்ஜி, டிகேபி போன்றவற்றில் மாதம் குறிப்பிட்ட தொகை வரவானால் கட்டணம் இல்லை. அந்தத் தொகையை அவ்வப்போது மாற்றுகிறார்கள், திறக்கும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வங்கியும் கணக்குத் தர மறுத்தால் பேசிஸ்கோன்டோ என்று கேளுங்கள். 2016 ஜூன் 19 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்கு தந்தாக வேண்டும் என்பது ஜெர்மன் சட்டம். முழுமையான விண்ணப்பம் கொடுத்த பத்து வேலை நாளுக்குள் பதில் வர வேண்டும். வங்கி ஊழியரே சில சமயம் இதைச் சொல்ல மாட்டார், நாம்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஆஹன்_மாணவன்:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என் தம்பி அடுத்த செமஸ்டருக்கு வருகிறான். அவனுக்கு பிளாக்டு அக்கவுண்ட் போட்டாயிற்று. அதையே இங்கே தினசரிக் கணக்காக வைத்துக்கொள்ளலாமா?

ரூர்_பக்கம்:

முடியாது. விசாவுக்காகக் காட்டும் 11,904 யூரோ அங்கே பூட்டியிருக்கும், மாதம் 992 யூரோதான் வெளியே வரும். அந்த 992 வந்து விழுவதற்கே ஜிரோகோன்டோ என்ற சாதாரண தினசரிக் கணக்கு ஒன்று வேண்டும். தம்பியை வந்திறங்கியதும் முகவரியைப் பதிந்து அதைத் திறக்கச் சொல்லுங்கள். மாணவர்களுக்குக் கிளை வங்கிகளிலும் பெரும்பாலும் கட்டணம் கிடையாது.

ஓய்வுபெற்ற_ஆடிட்டர்:

திருச்சியிலிருந்து எழுதுகிறேன். இந்தியக் கணக்கைப் பற்றி நண்பர் கேட்டதற்கு வருகிறேன். வெளிநாடு போகிறவர்கள் அலட்சியமாக விடுவது இதைத்தான்.

இப்போது இருக்கும் சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டலாமா என்றால், கூடாது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி, வேலைக்காக வெளிநாடு போகிறவர் கிளம்பிய நாளிலிருந்தே வெளிநாடுவாழ் இந்தியர். 182 நாள் கணக்கு வருமான வரிக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, ‘ஆறு மாதம் கழித்து மாற்றிக்கொள்ளலாம்’ என்று பலர் இருந்துவிடுகிறார்கள். வங்கியில் எழுதிக் கொடுத்து இரண்டு சேமிப்புக் கணக்கையும் என்ஆர்ஓ கணக்காக மாற்றுங்கள். அல்லது ஒன்றை மூடிவிட்டு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கடன் தவணையும் வாடகையும் அதிலேயே தொடரலாம். பிபிஎஃப் என்ற பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு இருந்தால் முதிர்வு வரை கட்டலாம், புதிதாகத் தொடங்கவோ நீட்டிக்கவோ முடியாது.

பணம் எங்கே சம்பாதித்தது என்று பார்த்தால் இரண்டு கணக்கின் வேலையும் விளங்கிவிடும். வாடகை, பங்கின் டிவிடெண்ட், பழைய வைப்பு முதிர்ந்த தொகை என்று இந்தியாவில் பிறந்த பணமெல்லாம் என்ஆர்ஓவில். ஜெர்மனிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அனுப்புவது என்ஆர்இயில். என்ஆர்இயில் உள்ளதை அசலும் வட்டியுமாக எப்போது வேண்டுமானாலும், உச்சவரம்பு இல்லாமல் திரும்ப வெளியே எடுத்துப் போகலாம். என்ஆர்ஓவிலிருந்து நிதியாண்டுக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் வரை போகலாம், ஆனால் வரி கட்டியதற்கான படிவங்களும் ஆடிட்டர் சான்றிதழும் கேட்பார்கள். என்ஆர்இயிலிருந்து என்ஆர்ஓவுக்கு மாற்றுவது எளிது. திருப்பி மாற்றுவதற்கு அந்தக் காகித வேலை முழுவதும் உண்டு. அதனால் சம்பளப் பணத்தைச் சோம்பலில் என்ஆர்ஓவுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

வரியிலும் வித்தியாசம் பெரிது. என்ஆர்ஓ வட்டிக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும், ஆக 31.2 சதவீதம் பிடித்துவிடுவார்கள். இந்தியா ஜெர்மனி இரட்டை வரி ஒப்பந்தப்படி வட்டிக்கு 10 சதவீதம்தான் உச்சம். ஜெர்மன் வரி அலுவலகத்தில் ‘இவர் இங்கே வசிப்பவர்’ என்ற சான்றிதழ் வாங்கி, இங்கே படிவம் நிரப்பிக் கொடுத்தால் அந்த விகிதத்தில் பிடிப்பார்கள். என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரியே இல்லை.

கிளம்புவதற்கு முன்பே இதையெல்லாம் கிளையில் நேரில் போய்ச் செய்யுங்கள். அங்கே போன பிறகு செய்தால் ஒவ்வொரு காகிதத்திலும் துணைத் தூதரகத்திலோ நோட்டரியிடமோ சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டி வரும்.

துபாய்_தென்றல்:

என்ஆர்இ வட்டிக்கு வரியே இல்லை என்று ஐயாவே சொல்லிவிட்டார். நாங்கள் இங்கே செய்வது இதைத்தான். செலவுக்கு எடுத்துக்கொண்டு மீதி அத்தனையும் என்ஆர்இ வைப்பில். ஜெர்மனிச் சேமிப்புக் கணக்கில் வட்டி அவ்வளவாகக் கிடையாதே. பொள்ளாச்சி நண்பரும் யோசிக்காமல் முழுவதையும் ஊருக்கு அனுப்பிவிடலாம்.

நெக்கர்கரை:

துபாய் நண்பரே, உங்களுக்கு அது சரி. அமீரகத்தில் தனிநபர் வருமான வரி கிடையாது, இங்கே உண்டு. ஜெர்மனியில் குடியிருப்பவர் உலகத்தில் எங்கே வட்டி வாங்கினாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். இந்தியா விட்டுக்கொடுத்தாலும் ஜெர்மனி விடாது. இரண்டு நாடுகளும் 2017 முதல் வங்கிக் கணக்கு விவரங்களைத் தானாகவே பரிமாறிக்கொள்கின்றன. ‘ஊரில் இருப்பது இவர்களுக்கு எப்படித் தெரியும்’ என்று நம்மவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டால் எனக்குக் கவலையாக இருக்கிறது. குடியுரிமைக்கோ நிரந்தரக் குடியிருப்புக்கோ விண்ணப்பிக்கும் நேரத்தில் வரிப் பிரச்சினை என்று கடிதம் வந்தால் யார் நிம்மதியாகத் தூங்க முடியும்?

வரி என்னமோ பயப்படும் அளவுக்கு இல்லை. ஒருவருக்கு ஆண்டுக்கு 1,000 யூரோ வரை வட்டி, டிவிடெண்ட் வருமானத்துக்கு விலக்கு. கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் 2,000. அதற்கு மேல் 25 சதவீதமும், அந்த வரியின் மேல் 5.5 சதவீத ஒற்றுமைக் கூடுதல் வரியும் சேர்த்து 26.375 சதவீதம். கணக்குக்கு எளிதாக ஒரு யூரோ 100 ரூபாய் என்று வையுங்கள். 15 லட்சம் என்ஆர்இ வைப்பு, 7 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 1,05,000 ரூபாய், அதாவது 1,050 யூரோ. வேறு முதலீட்டு வருமானம் இல்லையென்றால் வரி 50 யூரோவுக்குத்தான், ஏறக்குறைய 13 யூரோ. 50 லட்சம் என்றால் வட்டி 3,500 யூரோ, அதில் 2,500க்கு வரி ஏறத்தாழ 659 யூரோ. வரி விண்ணப்பத்தில் மூலதன வருமானத்துக்கென்று இருக்கும் கேஏபி இணைப்பில் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:

வரியைவிட ரூபாய் மதிப்பைப் பாருங்கள் என்பேன். 2015இல் ஒரு யூரோ 70 ரூபாயை ஒட்டி இருந்தது, 2025இல் 100ஐத் தாண்டிவிட்டது. சராசரியாக ஆண்டுக்கு மூன்றரை சதவீதம் ரூபாய் இறங்கியிருக்கிறது. என்ஆர்இ என்பது ரூபாய்க் கணக்கு. 7 சதவீத வட்டியில் பாதி அந்த இறக்கத்திலேயே போய்விடுகிறது, யூரோவாகத் திருப்பி எடுக்க நினைப்பவருக்கு.

அதனால் நான் பார்ப்பது ஒன்றுதான்: அந்தப் பணத்தை எங்கே செலவழிக்கப் போகிறோம்? அம்மாவின் மருத்துவம், வீட்டுக் கடன், ஊரில் நிலம் என்றால் என்ஆர்இ. ஜெர்மனியில் வீடு, மகளின் படிப்பு என்றால் யூரோவிலேயே இருக்கட்டும். இந்திய வங்கியிலேயே யூரோவாக வைக்க எஃப்சிஎன்ஆர் வைப்பு உண்டு, ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை. ரூபாய் இறங்கினாலும் பாதிப்பில்லை, வட்டி மட்டும் குறைவு.

பாதுகாப்பும் ஒன்று. ஜெர்மன் வங்கியில் ஒருவருக்கு ஒரு வங்கிக்கு 1,00,000 யூரோ வரை காப்பீடு. இந்திய வங்கியில் 5 லட்சம் ரூபாய், வட்டியும் சேர்த்து. ஒரே வங்கியில் உள்ள என்ஆர்இ, என்ஆர்ஓ எல்லாம் சேர்த்துத்தான் அந்த 5 லட்சம். வைஸ் போன்ற செயலிகளில் கிடக்கும் பணத்துக்கு இந்த வங்கிக் காப்பீடு கிடையாது. அவர்கள் வாடிக்கையாளர் பணத்தைத் தனியாகப் பிரித்து வைக்கக் கடமைப்பட்டவர்கள், ஆனால் அது வேறு ஏற்பாடு. பணம் அனுப்ப நல்ல வழி, சேமிப்பை அங்கே குவிக்காதீர்கள்.

பொள்ளாச்சிக்காரன்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விவரம் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. இன்னும் சில சந்தேகம். வைஸ் கணக்கிலேயே ஐபேன் தருகிறார்களே, முதல் சம்பளத்தை அதில் வாங்கிக்கொள்ளலாமா? அம்மாவுக்கு எந்தக் கணக்குக்கு அனுப்புவது? அவருக்கு ஏடிஎம் மட்டும்தான் தெரியும். மனைவி வந்ததும் என் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டால் போதுமா?

ரூர்_பக்கம்:

வைஸ் தரும் யூரோ ஐபேன் பெல்ஜியத்துடையது, பிஇ என்று தொடங்கும். ஐரோப்பிய ஒன்றிய நாட்டின் எந்த ஐபேனையும் மறுக்கக் கூடாது என்று 2012ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒழுங்குமுறையே சொல்கிறது. நடைமுறையில் சம்பளப் பிரிவின் மென்பொருளோ வீட்டுக்காரரோ டிஇ என்று தொடங்கும் ஜெர்மன் எண்ணைத்தான் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஜிம் கட்டணத்துக்குக்கூட இதே பிரச்சினை. சட்டம் உங்கள் பக்கம்தான், ஆனால் வந்த முதல் மாதத்தில் அதற்காக மல்லுக்கட்ட நேரம் இருக்காது. வேறு வழியே இல்லாதபோது கைவசம் இருக்கட்டும்.

மாதக் கட்டணங்களுக்கு லாஸ்ட்ஷ்ரிஃப்ட் என்று கையெழுத்து வாங்குவார்கள், அவர்களே உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். தவறாக எடுத்தால் எட்டு வாரத்துக்குள் காரணம் சொல்லாமலே திருப்பி வாங்கலாம். தயங்காமல் கையெழுத்திடுங்கள், ஆனால் கணக்கை வாரம் ஒருமுறை பாருங்கள்.

ஓய்வுபெற்ற_ஆடிட்டர்:

அம்மா பெயரில் சாதாரண சேமிப்புக் கணக்கு இருந்தால் நேராக அதற்கே அனுப்புங்கள். பெற்றோருக்கு மகன் அனுப்புவதற்கு அவர் கையில் வருமான வரி இல்லை. அவருக்குப் பழகிய ஏடிஎம் அட்டையும் மாறாது. உங்கள் என்ஆர்இ அட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போவது பல வீடுகளில் நடக்கிறது, அது சரியல்ல. உங்கள் கணக்கிலிருந்து அவர் செலவு செய்ய வேண்டியிருந்தால் வங்கியில் முறையாக அதிகாரம் எழுதிக் கொடுங்கள், உள்ளூர்ச் செலவுகளை அவர் கவனிக்கலாம். என்ஆர்இ கணக்கில் நெருங்கிய உறவினரைக் கூட்டாகச் சேர்க்கலாம், ஆனால் உங்களுக்குப் பிறகுதான் அவருக்கு உரிமை என்ற முறையில் மட்டும். நாமினி பெயர் எல்லாக் கணக்கிலும் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள்.

இந்திய சிம்மை உயிரோடு வைத்திருங்கள், ரோமிங்கும் போட்டு. 2023 ஜனவரியில் வெளிநாட்டு எண்ணிலேயே யூபிஐ என்று பத்து நாடுகளுக்குத் திறந்தபோது சிங்கப்பூர், அமீரகம், பிரிட்டன் எல்லாம் இருந்தன, ஜெர்மனி இல்லை. ஓடிபி வராமல் வீட்டுக் கடன் கணக்கில் நுழைய முடியாமல் தவிப்பவர்கள் என்னிடம் அடிக்கடி வருகிறார்கள்.

கணக்குப்பிள்ளை:

அனுப்பும்போது ‘கட்டணம் இல்லை’ என்ற எழுத்தை நம்பாதீர்கள். அன்றைய சந்தை விலை 100 ரூபாய், அவர்கள் தருவது 98.50 என்றால் ஆயிரம் யூரோவுக்கு 1,500 ரூபாய் போய்விட்டது. ஆறு யூரோ கட்டணம் வாங்கிக்கொண்டு 100 தருகிறவரிடம் 600 ரூபாய்தான் போகிறது. கடைசியில் ஊர்க் கணக்கில் எத்தனை ரூபாய் விழும் என்ற ஒரே எண்ணை வைத்து ஒப்பிடுங்கள்.

நெக்கர்கரை:

மனைவியைப் பற்றிக் கேட்டதற்கு என் பதில்: கூட்டுக் கணக்கு இருக்கட்டும், ஆனால் அவர் பெயரில் தனியாக ஒன்று கட்டாயம். குடும்ப விசாவில் வருகிறவருக்கும் இங்கே சொந்தக் கணக்குத் திறக்க முழு உரிமை உண்டு, வேலை கிடைத்த பிறகுதான் என்றில்லை. வருமானம் இல்லை என்று ஒரு வங்கி தயங்கினால் மேலே சொன்ன பேசிஸ்கோன்டோ அவருக்கும் பொருந்தும். முகவரிப் பதிவில் அவர் பெயர் ஏறிய வாரமே செய்யுங்கள்.

வீடு தேடும்போது ஷூஃபா என்ற கடன் வரலாற்று அறிக்கை கேட்பார்கள். அது ஆள் ஆளுக்குத் தனி. கணவர் பெயரிலேயே எல்லாம் இருந்து, நான்கைந்து வருடம் கழித்தும் சொந்தமாக ஒரு கைப்பேசி ஒப்பந்தம்கூடப் போட முடியாமல் நின்ற பெண்கள் சிலர் எனக்குத் தெரிந்தவர்கள். படித்து, ஊரில் நல்ல வேலை பார்த்தவர்கள். குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகையான கிண்டர்கெல்டுக்கு விண்ணப்பிக்கும்போது மனைவியின் ஐபேனைக் கொடுத்தால் முதல் மாதத்திலிருந்தே அவர் கணக்கில் வரவு இருக்கும். அவர் வரும்போது திருமணச் சான்றிதழும் மகளின் பிறப்புச் சான்றிதழும் எடுத்து வரட்டும், இரண்டும் பல இடத்தில் கேட்பார்கள். ஷ்டுட்கார்ட் வந்ததும் இங்கே எழுதுங்கள், அஞ்சலகத்துக்குக் கூட வர ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.